பள்ளிக்கூட வீதியால வராதீங்க, வாப்பா

சாய்ந்தமருது
17.06.2025

தமிழ் படிப்பிக்கும் தனஞ்சயன் சேருக்கு,

உங்களிடம் பத்தாம் ஆண்டில் படிக்கும் பஹ்மிதாவின் உம்மா எழுதுவது. என் பெயர் சபூறா. ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

என் மனிசர், பஹ்மிதாவின் வாப்பா ஷரிபுதீன், மவுத்தாகி அடக்கி இன்றைக்கு நாற்பத்தொன்பது நாள். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கு அறிவித்தல் சொன்னவர். மைக் ஷரிபுதீன் என்றால் மருதமுனை வரைக்கும் தெரியும். மவுத்துச் செய்தி, காணாமல் போன ஆடு, தண்ணீர் வெட்டு, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குப் போகும்.

நான் இப்போது இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது, பிற ஆண்களோடு முகம் பார்த்துக் கதைக்கக் கூடாது. போனிலும் வேண்டாம் என்று என் கூடப்பிறந்த காக்கா சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றிருப்பேன்.

பக்கத்து வளவு பஸ்மிலா உங்கள் பள்ளிக்கூடத்தில் கன்டீன் நடத்துகிறவள். நேற்று வேலிக்கு மேலால் சொன்னாள்: "என்னகா சபூறா, உன்ட மகள் வாப்பாட ஜனாஸா அறிவித்தலப் பாட்டாப் படிக்கிறாள். வகுப்பு முழுக்க மேசையில தட்டுது. சேரும் சேந்து தட்டுறார்."

பஸ்மிலா சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன். மகளிடம் கேட்டேன். "ஓம்" என்றாள். அவ்வளவுதான்.

சேர், அவள் வாப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மையத்து வீட்டில் கிடந்தபோதும் சுவரோடு சாய்ந்து நின்றாள். அன்றிலிருந்து என்னோடு கதைப்பது ஓம், இல்லை, இரண்டே சொல்தான். வந்த சனமெல்லாம் கேட்டது, "என்னகா, உன்ட புள்ள கல்லா?" என்று. அழாத பிள்ளை இப்போது பாடுகிறதாம், வாப்பாவின் மவுத்தை வைத்து. நாங்கள் மவுத்து வீட்டில் றேடியோ கூடப் போடாத ஆட்கள்.

நீங்கள் படிப்பிக்கும் இலக்கிய நயப் பாடம் அவளுக்கு வேண்டாம். சித்திரப் பாடத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்தக் கிழமைக்குள் மாற்றாவிட்டால் பள்ளிக்கூட அதிபருக்கு எழுதுவேன்.

இதைக் கொண்டு வருவதும் பஸ்மிலாதான். பதில் எழுதினால் கோந்து போட்டு நன்றாக ஒட்டுங்கள்.

சபூறா

*

பாண்டிருப்பு
19.06.2025

பஹ்மிதாவின் தாயாருக்கு,

உங்கள் கடிதத்தில் திருத்த ஒன்றுமில்லை. திருத்த வேண்டியது என் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்ல விடுங்கள்.

உங்கள் கணவர் காலமான மூன்றாம் நாள் நான் உங்கள் படலைவரை வந்தேன். உங்கள் காக்கா, "இத்தாவில இரிக்கா சேர்" என்றார். திரும்பிவிட்டேன்.

இந்தத் தவணையில் ஒரு பழைய பாட்டுப் படிப்பிக்க இருந்தது. அரசன் இறந்துபோகிறான். அவனோடு பழகிய புலவன் அழுது பாடுகிறான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய தமிழ். ஒரு பாட வேளை முழுக்க விளக்கினேன். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஜன்னலைப் பார்த்தார்கள். இடைவேளையில் அதே பிள்ளைகள் ஒரு றப் பாட்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒரு சொல் தவறாமல். கேட்டுக்கொண்டு நின்றேன். எதுகை, மோனை எல்லாம் அதில் கிடந்தது. தன் ஊர், தன் பெயர், தன் நோவு, இவற்றை ஒருவன் தாளத்தில் கட்டிச் சொல்கிறான். புலவன் செய்ததும் அதுதானே என்று தோன்றியது.

அடுத்த நாள் பழைய பாட்டை நாலு தட்டுக்கு ஒரு வரியாகப் பிரித்து, மேசையில் தட்டித் தட்டிச் சொன்னோம். வாத்தியம் எதுவும் இல்லை. ஹிப்ஹொப் என்று அதிபரிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். ஒரு கிழமைக்குள் பிள்ளைகள் பாட்டை நெட்டுருப் போட்டுவிட்டார்கள். பொருளும் அவர்களாகவே கேட்டார்கள். பிறகு ஒரு வேலை கொடுத்தேன்: நீங்கள் இழந்த ஒன்றைப் பற்றிப் பதினாறு வரி எழுதுங்கள். பஸால் என்ற பொடியன் ஜும்மாவில் தொலைந்த புதுச் செருப்பைப் பற்றி எழுதினான். வகுப்பே சிரித்துப் புரண்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பஹ்மிதா எழும்பினாள்.

என் பிழை இதுதான். அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று முதலில் நான் வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அறிவித்தல் போல அவள் தொடங்கியதும் பிள்ளைகள் தட்டினார்கள், நானும் தட்டினேன். பஸ்மிலா தேநீர் கொண்டு அந்தப் பக்கம் போனது அப்போதுதான். நாலாவது வரிக்குப் பிறகு தட்டல் தானாக நின்றுவிட்டது. மீதியை அவள் தாளமில்லாமல் சொன்னாள். அதைப் பஸ்மிலா கேட்கவில்லை.

அது பகிடி இல்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். அவள் எழுதியதை அவள் சம்மதமில்லாமல் உங்களுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பழைய பாட்டு வகைக்குக் கையறுநிலை என்று பெயர். இழப்பின் முன் செய்ய ஒன்றுமில்லாமல் நிற்கும் நிலை.

சித்திரத்துக்கு மாற்றுவதானால் பெற்றோர் கையொப்பமிட்ட படிவம் வேண்டும். கேட்டால் தருகிறேன். கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தனஞ்சயன்

*

சாய்ந்தமருது
23.06.2025

தனஞ்சயன் சேருக்கு,

கோந்து போதாது. பஸ்மிலா, "செருப்புப் பாட்டு எப்புடிகா?" என்று கேட்டாள். இனி ஸ்டேப்ளரும் அடியுங்கள்.

நான் ஐம்பத்தைந்து நாளாக நிற்கும் நிலைக்குப் பெயரும் வைத்திருக்கிறார்களா? எனக்கு இது புதினம். அதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.

படிவம் அனுப்புங்கள்.

உங்களுக்கு ஒன்று விளங்கவில்லை. மவுத்து அறிவித்தல் சும்மா விசயம் இல்லை. என் மனிசர் மைக்கைத் தொடுவதற்கு முன்னால் என்னை எதிரில் இருத்தி வைத்து முழுதாகச் சொல்லிக் காட்டுவார். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னார் இன்னாரின் தகப்பனார், இன்ன மையவாடி, அஸர் தொழுகைக்குப் பிறகு. ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பம் வருசக்கணக்கில் கோபம். இருபத்தொரு வருசத்தில் ஒரு பெயரைத் தவறவிட்டதில்லை. அறிவித்தல் சொல்லிவிட்டு வந்தால் குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவார். நான் கேட்டிருக்கிறேன், "நீங்களா மையத்தத் தூக்கின?" என்று. "ஓம், வாயால தூக்கினன்" என்பார்.

அப்படிப்பட்டதைத்தான் பிள்ளைகள் மேசையில் தட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள்.

அதிபருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. தலையணைக்குக் கீழே கிடக்கிறது.

மீதியை அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள். சரி. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவள் சொன்னதில் என்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

சபூறா

*

பாண்டிருப்பு
26.06.2025

சபூறா அவர்களுக்கு,

உங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

படிவம் உள்ளே இருக்கிறது.

நீங்கள் அதிபருக்கு எழுதாவிட்டாலும் செய்தி அவரிடம் போய்விட்டது. யாரோ ஒருவர் வந்து, தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வந்த மாஸ்டர் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குகிறார் என்று சொல்லியிருக்கிறார். அதிபர் நல்லவர். "கொஞ்ச நாளைக்கி விடுங்க தம்பி" என்றார். விட்டுவிட்டேன். நேற்று வழமைபோலப் புத்தகத்தைத் திறந்து வரிக்கு வரி பொருள் சொன்னேன். முப்பத்திரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, உங்கள் மேலும்தான். அதை மறைத்து எழுதுவது சரியில்லை. ஆனால் வாயால் தூக்கினேன் என்று உங்கள் கணவர் சொன்னதை வாசித்த பிறகு கோபத்தை வைத்திருக்க முடியவில்லை. அதைத் தெரிந்திருந்தால் நான் தட்டியிருக்க மாட்டேன்.

மகளிடம் கேட்கிறேன். அவள் ஓம் என்றால் அனுப்புகிறேன்.

தனஞ்சயன்

*

பாண்டிருப்பு
01.07.2025

சபூறா றாத்தாவுக்கு,

அக்கா முறை வைத்து இப்படி எழுதலாமா தெரியாது. நேரில் கண்டால் அப்படித்தான் கூப்பிடுவேன்.

பஹ்மிதாவிடம் கேட்டேன். இன்று காலை கொப்பியிலிருந்து பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "உம்மாட்ட நீங்களே குடுங்க சேர். ஒரே வீட்டுல இருந்தும் என்னால கையில குடுக்க ஏலா" என்றாள். அடுத்த அறைக்குப் போக வேண்டிய தாள் பள்ளிக்கூடம் வந்து, பஸ்மிலாவின் பணிஸ் பெட்டியில் ஏறி, உங்களிடம் வருகிறது.

நாலு வரி மட்டும்தான் வெளியில் கேட்டது. மற்றதை வாசியுங்கள்.

தனஞ்சயன்

(தாளில் இருந்தது)

அறிவித்தல், அறிவித்தல், அனைவருக்கும் அறிவித்தல்,
ஊர்ச் செய்தி சொன்னவர்க்கு ஊர் சொல்லும் அறிவித்தல்.
மைக்கைப் பிடிச்ச கை மண்ணுக்குள்ள மறைஞ்சிருச்சி,
கைக்குள்ள இருந்த குரல் காத்தோட கரைஞ்சிருச்சி.

பள்ளிக்கூட வீதியால வராதீங்க வாப்பா எண்டன்,
புள்ளையெல்லாம் சிரிக்கிதுகள், வெக்கமாக் கிடக்கு எண்டன்.
சரி மகள் எண்டாரு, சத்தத்த நிப்பாட்டினாரு,
கரைவீதிப் பக்கமா வண்டியத் திருப்பினாரு.

பள்ளி வீதி எண்டிருந்தாப் பத்துப் பேர் பாத்திருப்பான்,
துள்ளி வந்து ஒருத்தன் தூக்கிட்டுப் போயிருப்பான்.
ஆருமில்லாக் கரையோரம் அரை மணியா அசையல்ல,
ஊரெல்லாம் கூப்பிட்டவர் ஒருத்தரையும் கூப்பிடல்ல.

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது:
செத்தாலும் என்ன விட்டுப் போகாது நான் சொன்னது.
காணாமப் போன ஆட்ட மைக்கில தேடித் தந்த வாப்பா,
நான் விட்ட சொல்ல எந்த மைக்கில தேடுற, வாப்பா?

*

சாய்ந்தமருது
03.07.2025

தம்பி தனஞ்சயன் சேருக்கு,

வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளுக்கு அது ஒரு வசதி. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்து குத்தும்.

அழாத பிள்ளை என்று உங்களுக்கு எழுதினேன். அறுபத்தைந்து நாளாக இந்தப் பிள்ளை இதைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் சோறு தின்றிருக்கிறது. நான் கல் என்று நினைத்தேன்.

இனி நான் எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. என் காக்காவுக்கும் தெரியாது. என்னைப் பற்றி அதில் இருக்கிறதா என்று நான் கேட்டது ஏன் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள்.

அன்று இவரைக் கரைக்கு அனுப்பியது நான்.

பத்து மணிக்குப் போன் எடுத்தேன். சந்தையடியில் நின்றார். எனக்குக் கீரி மீன் ஆசை வந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை, வாய் ருசிதான். "பதினொண்டுக்குக் கரவல இழுப்பாங்க. நேரத்தோட போய் நில்லுங்க, பிந்தினா நல்ல மீன் முடிஞ்சிரும்" என்றேன். "இப்பவே போகணுமா? நெஞ்சு ஒரு மாதிரி இரிக்கி, கொஞ்சம் இருந்துட்டுப் போறன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மீன் வாங்கச் சொன்னா மட்டும் உங்களுக்கு நெஞ்சு நோகும்" என்றேன். சிரித்தார். போனார்.

வலை இழுக்கிற ஆட்கள் வரும்போது ஓட்டோவுக்குள் சாய்ந்து கிடந்தார். யாரும் இல்லாத நேரத்தில் அவர் அங்கே நின்றது, நேரத்தோடு போங்கள் என்று நான் சொன்னதால்.

டொக்டர் காக்காவிடம், இது ஒரேயடியாக வந்த அட்டாக், வீட்டில் படுக்கையில் இருந்திருந்தாலும் இப்படித்தான் என்று சொன்னாராம். காக்கா மூன்று தரம் சொல்லிவிட்டார். எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் எடுத்தேன். ஆறுதல் சொல்ல எவ்வளவோ பேர் வந்தார்கள். அவர்களுக்கு மீனைப் பற்றித் தெரியாது.

இப்போது சொல்லுங்கள் தம்பி. மகள் தன்னால் என்று நினைக்கிறாள். அது பிழை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான்தான் அனுப்பினேன். அவளுடைய பாரத்தை இறக்க வேண்டுமென்றால் என்னுடையதை அவளுக்குக் காட்ட வேண்டும். காட்டினால் வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயம். எனக்கு அவள் ஒருத்திதான்.

நீங்கள் படித்தவர். என்ன செய்வது?

சபூறா

*

பாண்டிருப்பு
04.07.2025

சபூறா றாத்தாவுக்கு,

படித்தது இதற்கு உதவவில்லை. பேப்பரை எடுத்துவைத்து நாலு தரம் தொடங்கிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

என்ன செய்வது என்று நான் சொல்ல முடியாது. என் கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். பஹ்மிதா படித்த பழைய பாட்டில், அரசன் எப்படி இறந்தான், யாரால் இறந்தான் என்று புலவன் ஒரு வரியும் சொல்லவில்லை. அவன் இல்லை, இனி நான் என்ன செய்வேன் என்று மட்டும் பாடுகிறான். பஹ்மிதா கையை உயர்த்திக் கேட்டாள்: "ஒரு பிழையும் செய்யாமலேயா சேர் அந்தப் புலவருக்கு இவ்வளவு அழுக வந்த?" அன்று அது எனக்கு விளங்கவில்லை. சும்மா, "ஓம், அன்புதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இப்போது விளங்குகிறது. குற்றம் செய்தவர்கள்தான் இப்படி நோவார்கள் என்று அவள் நினைக்கிறாள். அன்பு வைத்தவர்களும் இப்படித்தான் நோவார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லத் தவறினேன்.

நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். வயதுக்கு மிஞ்சிக் கதைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் நீங்கள் இல்லை என்று எழுதினேன். எனக்கு அதுதான் குறையாகப் படுகிறது. அவள் உங்களைக் குறை சொல்லவில்லை, துணைக்கும் கூப்பிடவில்லை.

தனஞ்சயன்

*

சாய்ந்தமருது
08.07.2025

தம்பி தனஞ்சயனுக்கு,

சேர் என்று எழுதவில்லை. இன்றைக்கு மட்டும்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லுவோம் என்று இருந்தேன், காக்கா குடும்பத்தோடு வந்துவிட்டார். நேற்று அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சட்டையும் மாற்றாமல் குசினி வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். சுளகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மகள், வாப்பாவக் கரைக்கி அனுப்பின நான். கீரி வாங்க. நெஞ்சு ஒரு மாதிரி எண்டவர், நான்தான் நக்கலடிச்சுப் போகச் சொன்ன."

நிமிர்ந்து பார்த்தேன். கோப்பை கையில் அப்படியே நிற்கிறது.

"நீங்களா?"

"ஓம். நான்தான்."

"கரைவீதியால அவர் போன என்னால இல்லையா?"

"நீ எப்ப சொன்ன? அதுக்கு ஒரு கிழமைக்கி முந்தி. அவருக்குக் கரையில அண்டைக்கி என்ன வேல? அறிவித்தலா? என்ட மீன் மட்டும்தான்."

அதற்குப் பிறகு அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! அப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை. "அறுவத்தொன்பது நாள் உம்மா! அறுவத்தொன்பது நாள் நான் செத்துச் செத்து இருந்தன். ஏன் சொல்லல்ல?" நானும் விடவில்லை. "நீ ஏன்டி சொல்லல்ல? சேருக்குச் சொல்லத் தெரியுது, வகுப்புக்குச் சொல்லத் தெரியுது, பெத்தவளுக்குச் சொல்லத் தெரியாதா?" சுளகு ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம்.

வேலிக்கு மேலால் பஸ்மிலாவின் தலை வந்தது. "என்னகா இது, இத்தா வீட்டுல சண்ட?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னோம், "போகா அங்கால!"

அவள் போகவில்லை. அல்லாஹ் போகவிடவில்லை என்றுதான் சொல்வேன். முழுதும் கேட்டிருக்கிறாள் போல. வேலியைப் பிடித்துக்கொண்டு, "அடியே பஹ்மிதா, உன்ட வாப்பா பள்ளிக்கூட வீதிய எங்க விட்டவர்? ஒரு நாளைக்கி ரெண்டு தரம் போவார். கிட்ட வரக்குள்ள மைக்க அமத்திருவார். உன்ட வகுப்பு ஜன்னலப் பாத்துப் பாத்துத்தான் போவார். மவுத்தான அண்டைக்கும் காலையில போனவர், நான்தான் பாத்த" என்றாள்.

பாருங்கள் தம்பி. சத்தம் கேட்காததால் வாப்பா அந்தப் பக்கம் வருவதில்லை என்று பிள்ளை நினைத்திருக்கிறாள். மைக் ஷரிபுதீனின் மகள், வாப்பா சத்தமில்லாமலும் வருவார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் அழுதாள். நின்ற இடத்திலேயே குந்தி, என் மடியில் முகத்தை வைத்து. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்தும் அழுதாள். நானும்தான். பஸ்மிலாவும் வேலிக்கு அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தினாள். அவளைப் பற்றி உங்களுக்கு எழுதியதில் பாதியை வெட்டிவிடுங்கள். மற்றப் பாதி இருக்கட்டும்.

இன்னொன்றும் சொன்னேன். அவள் வராதீங்க என்று சொன்ன அன்று இவர் என்னிடம் வந்து சிரித்த சிரிப்பு. இவருடைய வாப்பா சைக்கிளில் மீன் விற்றவர். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனால் இவர் மேசைக்குக் கீழே ஒளிவாராம். "என்ட புள்ளைக்கி அவ்வளவு வெக்கமில்ல, என்ட முகத்தப் பாத்தே சொல்லிட்டாள். நான் ஒளிச்ச, அவள் சொன்னாள். என்ன விடத் தைரியம்" என்றார். அந்தச் சிரிப்பை நான் அவளுக்குச் செய்து காட்டினேன். மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தாள்.

பிறகு காக்காவுக்குப் போன் எடுத்து, டொக்டர் சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள், ஒரு சொல் விடாமல். ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் கேட்டோம். அதே சொல்தான். நாலாவது தரம் எனக்குக் காது கேட்டது.

என் பிழை போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. நக்கல் அடித்தது அடித்ததுதான். அதற்கு நான் துஆக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இனித் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. மகளும் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். என்னையும் அதில் போடு, நான் இல்லாமல் என்ன அறிவித்தல் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கீரி மீன் பீட்டுக்கு வராது உம்மா" என்கிறாள். வரும் என்கிறேன் நான். நீங்கள் சொல்லுங்கள், வருமா வராதா?

சித்திரப் படிவத்தில் அடுப்பு மூட்டிவிட்டேன். அதிபருக்கு எழுதிய கடிதத்தையும்தான். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மவுத்தானவரின் பெண்சாதி நானே சொல்கிறேன், இந்தப் பாடத்தை நிறுத்த வேண்டாம், அந்தப் பிள்ளைகள் மேசையில் தட்டட்டும் என்று. அதிபர் வாசிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம், வெட்கப்படுவீர்கள். உங்களைப் பற்றிக் கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கிறேன்.

மகளைப் பற்றி நீங்கள் இனி யோசிக்க வேண்டாம். இன்றைக்குக் காலையில் எழும்பி, சோற்றுக்கு உப்புக் கூடிவிட்டது, சட்டை சரியாக மினுக்கவில்லை, இந்த வீட்டில் ஒரு மனிசர் படிக்கவும் ஏலாது என்று என்னோடு வாய்ச்சண்டை பிடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள். படலையை அடித்துச் சாத்திய சத்தம் பஸ்மிலா வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அல்ஹம்துலில்லாஹ்.

சபூறா றாத்தா